அடுத்த மாடலுக்காகக் காத்திருந்தவர்கள்

ஆடம் ஆஸ்போர்ன் சிறுவயதில் வளர்ந்தது திருவண்ணாமலையில். தந்தை ஆர்தர், ரமண மகரிஷியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். மகனோ அமெரிக்கா போய்க் கையில் தூக்கிச் செல்லும் கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

1981-இல் வந்த 'ஆஸ்போர்ன் 1' சுமார் 11 கிலோ. மூடினால் தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். பேட்டரி இல்லை, 5 அங்குலத் திரையில் வரிக்கு 52 எழுத்துகளே தெரியும். ஆனால் 1,795 டாலர் விலைக்குள் வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் மென்பொருள்களும் அடக்கம். கணக்குப் பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள்.

மறு ஆண்டே அதே விலைக்கு 9 அங்குலத் திரையுடன் கேப்ரோ என்ற போட்டிக் கணினி வந்தது. ஆஸ்போர்ன் நிறுவனமும் 1983-இல் 'எக்ஸிகியூட்டிவ்' என்ற மேம்பட்ட மாடலை அறிவித்தது. புதிது வரப்போகும்போது பழையதை யார் வாங்குவார்? விற்பனை படுத்தது. செப்டம்பரில் நிறுவனம் திவால்.

வரப்போகும் பொருளை முன்கூட்டிச் சொல்லி இருக்கும் வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வதை வணிக உலகம் இன்றும் 'ஆஸ்போர்ன் விளைவு' என்கிறது. பழியை முழுக்க அந்த அறிவிப்பின் மேல் போடுவது கொஞ்சம் அநியாயம். கேப்ரோ ஒரு பக்கம் நெருக்க, ஐபிஎம் மென்பொருள்களை ஓட்டக்கூடிய காம்பாக் மறுபக்கம் வந்துவிட்டது.

பொறுத்திருந்து எக்ஸிகியூட்டிவை வாங்கியவர்களுக்குத் திரை 7 அங்குலமானது. உள்ளே ஓடியது அப்போதும் சிபி/எம் இயங்குதளம்தான். சந்தையோ ஐபிஎம் பக்கம் போய்க்கொண்டிருந்தது.