வரமும் வாரமும்: தமிழில் கிறித்தவப் பாட்டு எழுதியவர்கள்

சமணன் ஒருவன் கிறித்தவப் பாட்டைப் பற்றி எழுதுவானேன் என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயந்தான். வந்தவாசிப் பக்கம் பிறந்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் பாத்திரக்கடை நடத்துகிறவன் நான். கல்லூரி வாசல் மிதித்தவனில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடி படித்ததுதான் என் படிப்பு. சீவக சிந்தாமணியின் சாயல் பிற்கால நூல்களில் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று தேடிக்கொண்டு போனபோது, இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரின் தேம்பாவணி கைக்கு வந்தது. 1726-இல் முடிந்த நூல். 36 படலம், 3,615 பாட்டு. எங்கள் திருத்தக்கதேவர் போட்ட பாதையில் ஒரு பாதிரியார் நடந்திருக்கிறாரே என்ற ஆச்சரியத்தில் ஆரம்பித்ததுதான் இந்த ஆராய்ச்சி.

ஆனால் தேம்பாவணி புலவர் அவைக்கு உரியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூடுகிற நூறு பேர் ஒரே குரலில் பாட வேண்டுமென்றால் காப்பியம் உதவாது, பாட்டு வேண்டும். அந்தப் பாட்டை எழுத வந்தவர்களுக்கு வந்த சங்கடம் என்ன? அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அச்சுக்கூடம் அமைந்த சில ஆண்டுகளிலேயே செருமானிய ஞானப்பாட்டுகள் தமிழில் அச்சேறின. பின்னால் சென்னை வேப்பேரியில் இருந்த பப்ரிசியுஸ் ஐயர் இன்னும் பல பாட்டுகளை மொழிபெயர்த்தார். சொல் தமிழ், மெட்டு செருமனி. மெட்டை அசைக்கக் கூடாது. அது லூத்தர் காலத்திலிருந்து வருவது. ஆகவே சொல்தான் வளைந்து கொடுத்தாக வேண்டும்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன உதாரணம். தமிழில் குறில், நெடில் என்பது உயிர்நாடி. 'வரம்' வேறு, 'வாரம்' வேறு. 'பலி' வேறு, 'பாலி' வேறு. அந்த மெட்டுகளிலோ ஒவ்வோர் அசையும் ஏறத்தாழ ஒரே அளவாக நின்று நிதானமாக நகரும். குறில் விழுகிற இடத்தில் மெட்டு நீட்டினால், கடவுளிடம் வரம் கேட்டவன் வாரம் கேட்டவனாகி விடுவான். நிலத்துக்குக் குத்தகை பேசுகிற மாதிரி! இன்னொன்று, அவர்கள் பாட்டில் ஓசை ஒத்து வருவது அடியின் கடைசியில். நம் காது எதிர்பார்ப்பது எதுகை, மோனை. அதாவது அடியின் தலைப்பில். கடைசியில் மட்டும் ஒத்து வந்தால் நமக்கு ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும். பப்ரிசியுஸ் தமிழை ஊறிப் படித்தவர், தமிழ் அகராதி செய்தவர். அவர் பாட்டுகளை இன்றும் லூத்தரன் சபையார் பிரியமாகப் பாடுகிறார்கள், அந்தப் பிரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவை பழகிய காதுக்குத்தான் இனிக்கும். புதிதாகக் கேட்பவன் அர்த்தத்தைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை வேறு ஆள், அவருக்குப் பின்னால் வருகிறேன். இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ளாத பேச்சாளரை நான் மேடையில் பார்த்ததில்லை. சாஸ்திரியார் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். பன்னிரண்டு வயது வாக்கில் சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து படிக்க வைத்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸ் கையில் வளர்ந்தவர்தான்.

தஞ்சாவூர் என்றால் அந்தக் காலத்தில் பாட்டும் பரதமும் தெருவில் வழிந்த ஊர். சாஸ்திரியார் காதில் விழுந்தது கீர்த்தனை, பதம், குறவஞ்சி, நொண்டி நாடகம், கும்மி. அவர் செய்தது வெளிக்கு எளிய காரியம்: மெட்டையும் யாப்பையும் ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டார், பொருளை மட்டும் வேதத்திலிருந்து எடுத்தார். 1800 வாக்கில் எழுதிய பெத்லகேம் குறவஞ்சியைப் பாருங்கள். குறவஞ்சியில் தலைவனைக் கண்டு காதல் கொள்ளும் பெண் ஒருத்தி வேண்டும். இங்கே திருச்சபையே தேவமோகினி என்ற தலைவியாகிறது. குறி சொல்லக் குறத்தி வேண்டும். விசுவாசம் குறத்தியாக வருகிறது. சிங்கன் பறவை பிடிக்க வலை வீச வேண்டும். அந்த வலை சுவிசேஷ வலையாகிறது. தரங்கம்பாடிக்காரர்களிடம் படித்த புதிய வானநூலையும் விடவில்லை. சூரியனைக் கிரகங்கள் சுற்றுகிற கணக்கும் குறவஞ்சிக்குள் வந்துவிட்டது.

கீர்த்தனை என்ற வடிவம் சபைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையும் அவர் கண்டுகொண்டார். பல்லவி திரும்பத் திரும்ப வரும். எழுத்தறியாதவரும் இரண்டாம் முறை கேட்டதும் சேர்ந்து பாடிவிடலாம். சரணத்தை முன்பாடுபவர் பார்த்துக்கொள்வார். புத்தகமே வேண்டாம். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது அதில் பல சாஸ்திரியாருடையவை. அதன்பின் சபை வேறுபாடு பாராமல் கீர்த்தனை பரவிற்று.

சரபோஜி அவரை ஆதரித்துச் சம்பளமும் கொடுத்தார். மன்னர் தம் குலதெய்வத்தின் மேல் பாடச் சொன்னதாகவும், இவர் மறுத்துவிட்டதாகவும் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கதையாகவே இருக்கட்டும், நமக்கு அதைவிட முக்கியமான சண்டை ஒன்று உண்டு. அது மன்னரோடு அல்ல, மிஷனரிமாரோடு.

1820-களில் வந்த புது மிஷனரிகள் நான்கு கொடுமை செய்கிறார்கள் என்று சாஸ்திரியார் கொதித்து எழுதினார். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது ஒன்று. விழாவிலும் கல்யாணத்திலும் பூவைத் தடுப்பது ஒன்று. வழிபாட்டில் தமிழ்ப் பாட்டையும் வாத்தியத்தையும் விலக்குவது ஒன்று. இந்த மூன்றிலும் நான் அவர் பக்கம். நான்காவது, சாதி பாராமல் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைப்பது. இதையும் அவர் கொடுமை என்றே எழுதினார். சாதி திருத்தலின் பயித்தியம் என்று 1829-இல் தனி நூலே செய்தார். வேளாளப் பெருமை அவரை விடவில்லை. பெரிய கவி என்பதற்காக இதை மூடி மறைக்கிற விழா மலர்கள் உண்டு; மறைப்பது அவருக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல. பாட்டை ஊர் மொழிக்குக் கொண்டுவந்தவர் 'ஊர்' என்றால் யார் என்பதில் சேரியைச் சேர்க்கவில்லை.

அடுத்து வந்தவர்களைக் கொஞ்சம் வேகமாகப் பார்த்துவிடலாம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) 1878-இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனை வெளியிட்டார். எந்த மதத்தாரும் கூசாமல் பாடும்படி எழுதியதால் அவை கச்சேரி மேடை ஏறின. என் போன்றவன் வீட்டிலும் பாடலாம். வைணவராயிருந்து கிறித்தவரான எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் தந்தார். கம்பனில் தோய்ந்த நாக்கு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) ஒருபடி மேலே போனார். சித்த வைத்தியத்தில் சம்பாதித்த பணத்தைத் தமிழிசைக்குக் கொட்டினார். 1912 முதல் தஞ்சையில் சங்கீத மாநாடுகள் கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலை வெளியிட்டார். அவரே தமிழில் கீதம், கீர்த்தனை எழுதினார். சங்கீதம் கற்கிற பிள்ளை பாடம் தொடங்கும்போதே தன் மொழியில், தன் பக்தியில் தொடங்கட்டும் என்பது அவர் எண்ணம். ஒரு வியாபாரியாகச் சொல்கிறேன், சொந்தக் காசைப் போட்டு இப்படி ஆராய்ச்சி செய்ய நெஞ்சுரம் வேண்டும்.

இனி நம் பேட்டைக்கு வருவோம். 1970-களின் கடைசியில் கியோனிக்ஸ் நிறுவனம் எலெக்ட்ரானிக் சிட்டியை உண்டாக்கியபோது இங்கே தமிழ்ப் பாட்டு கேட்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இன்று ஞாயிறு காலை என் கடை மாடியிலேயே கிதாரும் கீபோர்டும் கேட்கின்றன. அங்கே பாட்டு எழுதும் தம்பி ஒருவர், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், ஒருநாள் கடைக்கு வந்து, "அங்கிள், நீங்க தமிழ் படிச்சவர். இந்த வரி ட்யூன்ல உட்காரவே மாட்டேங்குது, பாருங்களேன்" என்று போனை நீட்டினார். தமிழ் வரிதான், ஆனால் ஆங்கில எழுத்தில் இருந்தது. திரையில் காட்ட அப்படித்தான் தேவையாம். சபையில் பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்த எழுத்தில் வரமும் ஒன்றுதான், வாரமும் ஒன்றுதான். பாடுகிற பிள்ளை மெட்டு நீண்ட இடத்திலெல்லாம் நீட்டுகிறது. தரங்கம்பாடியில் மெட்டு செய்த வேலையை இங்கே எழுத்து செய்கிறது! "தம்பி, முதல்ல தமிழ் எழுத்துல எழுதி, குறில் எல்லாத்துக்கும் கீழ கோடு போடுங்க. கோடு போட்ட இடத்துல ட்யூன் நின்னா, ட்யூனை மாத்துங்க, இல்லே சொல்லை மாத்துங்க" என்றேன். அவர் சொல்லை மாற்றவில்லை, மெட்டை மாற்றினார். நல்ல காரியம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மயிலை நேமிநாதர் மேல் அவிரோதியாழ்வார் பாடிய திருநூற்றந்தாதி எங்கள் சொத்து. எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் இங்கே சமணக் கோயிலுக்குப் போனால் இந்தித் தோத்திரம் பாடிவிட்டு வருகிறார்கள். அவர்கள் சபையிலாவது புதுசாகத் தமிழில் எழுத ஓர் ஆள் இருக்கிறார். எங்கள் அருகன் வரம் கொடுப்பவரும் அல்லர், ஆகவே எங்கள் தோத்திரத்தில் குணத்தைப் போற்றுவதோடு சரி. அவர்களுக்கோ கேட்க வேண்டும், அழ வேண்டும், பாவத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு வீட்டு மொழி இல்லாமல் முடியாது.

வீட்டு மொழி என்றால் யார் வீட்டு மொழி? சாஸ்திரியார் விட்ட இடத்தில் இந்தக் கேள்வியைப் பிடித்தவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940-2005). மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். பறட்டை அண்ணன் என்றால் தெரியும். தலித் மக்களின் பக்கம் நின்றவர். கர்நாடக ராகக் கீர்த்தனை மேல்சாதிக் கோயிலின் வாசனையோடு வருகிறது, கிராமத்துக் கிறித்தவனின் வாயில் அது ஒட்டுவதில்லை என்றார். சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கப்பட்ட பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். 1990-களில் முழு ஆராதனை முறையையும் கிராமிய மெட்டில், பேச்சுத் தமிழில் அமைத்தார். பிதாவே என்பதை விட்டு 'பெத்தவரே' என்று ஜெபத்தில் அழைத்தார். அதில் அப்பாவும் உண்டு, அம்மாவும் உண்டு. எல்லாரும் ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுவதே அவர் கண்ட திருவிருந்து.

இரண்டு பேருக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. அச்சிட்ட வேதத்தில் ஒரு சொல்லை மாற்றியதற்கே சாஸ்திரியார் கூக்குரல் போட்டார். அப்பாவுவோ நாட்டுப்பாட்டு மக்கள் சொத்து என்றார். நாற்று நடுகிற பெண்கள் தம் வாய்க்கு ஏற்றபடி அதில் சொல்லை மாற்றிக்கொள்ளலாம், மாற்றினால்தான் அது அவர்கள் பாட்டு என்பது அவர் கட்சி.