கர்ணம் பதவி ஒழிந்தபோது
1977இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்றுதான் எம்.ஜி.ஆர். முதல்வரானார். வானம் பார்த்த இந்தக் கரிசல் சீமையில், திருச்சுழி வரைக்கும், எந்தப் புஞ்சை விளைந்தது, எது காய்ந்தது என்று அடங்கல் என்னும் பயிர்க் கணக்கில் எழுதியவர் கிராமக் கணக்கரான கர்ணம். தீர்வைத் தள்ளுபடிக்கும் அந்த எழுத்தே ஆதாரம். பெரும்பாலும் சில குடும்பங்களுக்குள்ளேயே சுழன்ற கர்ணம் போன்ற கிராமப் பதவிகளை ஒழிக்க 1973லேயே நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் பரிந்துரைத்திருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு அவற்றை ஒழித்தது. புதிதாக எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. மற்றவர்கள் தள்ளிப்போட்டதைச் செய்தார், அவ்வளவுதான்.

ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு ஒரே உத்தரவில் போனதே, இது துணிவா, அவசரமா? நியாயமான கேள்வி, நல்ல கர்ணங்களும் இருந்தார்கள். ஆனால் ஏழாண்டு கிடப்பில் கிடந்த பரிந்துரையை நிறைவேற்றியதை அவசரம் என்பது பொருந்தாது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. கர்ணம் இருந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.