ஸயான் தேசியப் பூங்காவும் அதன் சாலையும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தென்மேற்கு மூலையில் உள்ள பாலைவனப் பள்ளத்தாக்குப் பூங்கா. பரப்பு ஏறக்குறைய 593 சதுர கிலோமீட்டர். வர்ஜின் ஆற்றின் வடகிளை அறுத்தெடுத்த பள்ளத்தாக்கு இதன் நடுப்பகுதி. இருபுறமும் 600 மீட்டர் உயரம் வரை மணற்கல் சுவர்கள் எழும்புகின்றன, அடியில் சிவப்பும் உச்சியில் வெளுப்புமாக. லாஸ் வேகாஸில் காரை வாடகைக்கு எடுப்பவர்கள் ஸயான், பிரைஸ் கேன்யன், கிராண்ட் கேன்யன் வடகரை மூன்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். இந்தப் பூங்காவின் கதையைப் பாறையிலிருந்து தொடங்குவதே மரபு. ஆனால் கடந்த நூறாண்டுக் கதையில் பெரும்பகுதி சாலையைப் பற்றியது: காரை உள்ளே கொண்டுவர மலையைக் குடைந்தார்கள், பிறகு அதே காரை வெளியே நிறுத்த வழி தேடினார்கள்.

பாறையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பரந்த மணற்பாலைவனம் இருந்தது. அதன் மணற்குன்றுகள் இறுகியதே நவஹோ மணற்கல். கிழக்கு வாசலருகே நிற்கும் ‘செக்கர்போர்டு மேசா’ குன்றின் படுக்கைக் கோடுகள் அன்றைய காற்று மணலை அடுக்கிய தடங்கள். நிலம் மேலெழுந்தபோது ஆறு கீழ்நோக்கி அறுத்தது. ஏறக்குறைய 4,800 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் மலைச்சரிவு ஆற்றை மறித்து ஏரியாக்கியது. அந்த ஏரியின் வண்டல் படிந்ததால்தான் இவ்வளவு ஒடுங்கிய பள்ளத்தாக்கிலும் சாலையும் தங்கும் விடுதியும் அமையச் சமதளம் கிடைத்தது. அதே சரிவின் மண் 1995 ஏப்ரலில் மீண்டும் நகர்ந்து, ஆற்றைச் சாலைப்பக்கம் தள்ளி, சாலையின் ஒரு பகுதியை அடித்துச் சென்றது. விடுதியில் தங்கியிருந்தவர்கள் வெளியேற வழியின்றி மாட்டிக்கொண்டார்கள்.

தென் பையூட் மக்களுக்கு இது நெடுங்காலமாகப் பழகிய நிலம். 1858இல் நெஃபி ஜான்சன் என்ற மார்மன் சமயத்தவர், பையூட் ஒருவர் வழிகாட்ட, இப்பகுதிக்கு வந்தார். 1860களில் ஐசக் பெஹுனின் பள்ளத்தாக்கின் உள்ளேயே குடில் போட்டுப் பயிர் செய்தார். தமிழ் விவிலியத்தில் ‘சீயோன்’ என வரும் பெயரை இந்த இடத்துக்குச் சூட்டியவர் அவர்தான் என்பார்கள். 1872இல் வந்த நில அளவையாளர் ஜான் வெஸ்லி பவல், பையூட் வழக்கில் இருந்த ‘முகுந்துவீப்’ என்ற பெயரைப் பதிவு செய்தார். 1909 ஜூலை 31 அன்று குடியரசுத் தலைவர் டாஃப்ட் இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தது அந்தப் பெயரில்தான். அது வாயில் நுழையாது, வெளியூர்ப் பயணிகளை விரட்டிவிடும் என்று தேசியப் பூங்காத் துறையின் ஹோரஸ் ஆல்பிரைட் கருதினார். 1918இல் பெயர் மாறியது. 1919 நவம்பர் 19 அன்று தேசியப் பூங்கா என்ற தகுதியும் வந்தது. இங்கே குடியிருந்த மக்களின் பெயரை, இன்னும் வராத பயணியின் வசதிக்காக மாற்றினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பயணியை வரவழைப்பது எளிதாக இருக்கவில்லை. ஓவியர் ஃபிரெடரிக் டெல்லன்பா 1903இல் இங்கே தங்கி வரைந்த படங்கள் அடுத்த ஆண்டு செயின்ட் லூயி உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, இப்படியும் ஓர் இடம் இருக்குமா என்று சந்தேகித்தவர்கள் உண்டு. அக்காலத்தில் பள்ளத்தாக்கில் நடந்த முக்கிய வேலை மரம் இறக்குவது. மேலே காடு, கீழே மரத்துக்கு ஏங்கும் ஊர்கள், நடுவே செங்குத்துப் பாறை. டேவிட் ஃபிளானிகன் என்பவர் 1901இல் கம்பிவடம் கட்டி, மலையுச்சியிலிருந்து பலகைகளை இறக்கத் தொடங்கினார். 1920களில் எழுந்த ஸயான் விடுதிக்கான மரமும் அவ்வழியே இறங்கியது.

1917இல் வண்டிப்பாதை பள்ளத்தாக்கினுள் வந்தது, டபிள்யூ. டபிள்யூ. வைலியின் கூடார முகாமும் அதே ஆண்டில் திறந்தது. 1923இல் யூனியன் பசிஃபிக் ரயில் கம்பெனி சீடர் சிட்டி வரை கிளைப்பாதை போட்டு, அங்கிருந்து பூங்காக்களைச் சுற்றிக்காட்டப் பேருந்துகளை ஓட்டியது. கில்பர்ட் ஸ்டான்லி அண்டர்வுட் வடிவமைத்த விடுதி அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. இன்றைய கார்ப் பயணிகள் தாமாகத் திட்டமிட்டதாக நினைக்கும் சுற்று, உண்மையில் ரயில் கம்பெனி வகுத்தது. குறை ஒன்றுதான்: ஸயானின் கிழக்கே வழி இருக்கவில்லை. பிரைஸுக்குப் போக வந்த வழியே திரும்பி, நெடுந்தொலைவு சுற்ற வேண்டியிருந்தது.

மலையைக் குடைவதென்று 1927இல் வேலை தொடங்கியது. குடைந்த முறைதான் இதில் வியப்பு. இரு முனைகளிலிருந்து மட்டும் தோண்டவில்லை. செங்குத்துப் பாறை முகத்தில் சாரம் கட்டி ஏறி, பக்கவாட்டில் துளைத்து உள்ளே புகுந்தார்கள். பிறகு அங்கிருந்து இரு திசையிலும் வெடிவைத்து முன்னேறினார்கள். உடைந்த கல்லை அத்திறப்புகள் வழியாகவே பள்ளத்தாக்கில் தள்ளினார்கள். கற்களை வெளியேற்றிய ஓட்டைகளே பின்னர் வெளிச்சமும் காற்றும் தரும் சாளரங்களாயின. சுமார் 1.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸயான்–மவுண்ட் கார்மல் சுரங்கப்பாதை 1930 ஜூலை 4 அன்று திறக்கப்பட்டது. தொடக்கத்தில் காரைச் சுரங்கத்துக்குள்ளேயே நிறுத்திச் சாளரத்தில் நின்று வேடிக்கை பார்க்க முடிந்தது. போக்குவரத்து பெருகியதும் அதற்குத் தடை வந்தது. 1930ஆம் ஆண்டின் கார்களுக்காகப் போட்ட அளவு பின்னாளின் சொகுசு வேன்களுக்கும் பேருந்துகளுக்கும் போதவில்லை. 1989 முதல் பெரிய வண்டி நுழையும்போதெல்லாம் எதிர்த்திசை வண்டிகளைக் காவலர்கள் நிறுத்தி வைக்கத் தொடங்கினார்கள். பாறை மென்மையானது என்பதால் சுரங்கத்தின் அசைவுகளைக் கருவிகள் இரவுபகலாகக் கண்காணிக்கின்றன.

கார் வென்றது, அதன் விளைவாகப் பள்ளத்தாக்கு திணறியது. 1990களில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். சில நூறு வண்டிகளே நிற்கக்கூடிய இடத்துக்குக் கோடைநாளில் ஆயிரக்கணக்கானவை வந்து, சாலையோரப் புல்லையெல்லாம் மிதித்து நசுக்கின. 2000ஆவது ஆண்டு முதல், பயணிகள் மிகும் மாதங்களில் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் காருக்கு அனுமதி இல்லை. விடுதியில் அறை எடுத்தவர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் வாசலிலோ ஸ்பிரிங்டேல் ஊரிலோ வண்டியை விட்டுவிட்டு இலவசப் பேருந்தில் ஏறுகிறார்கள். பூங்கா நிர்வாகம் எடுத்த முடிவுகளில் மிகத் துணிச்சலானது இதுவே. ஆனால் கார் குறைந்ததால் கூட்டம் குறைந்துவிடவில்லை. 2021இல் வருகை 50 லட்சத்தைத் தாண்டியது. 1926இல் வெட்டிய 21 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் ‘ஏஞ்சல்ஸ் லேண்டிங்’ உச்சிக்கு 2022 ஏப்ரல் முதல் குலுக்கலில் அனுமதிச்சீட்டு பெற வேண்டும்.

ஆற்றிலேயே நடந்து செல்லும் ‘நேரோஸ்’ இடுக்கில் கூட்டத்தைவிட வெள்ளமே ஆபத்து. மேலே எங்கோ பெய்த மழை, நீல வானத்தின் கீழ் நிற்பவர் மீது வெள்ளமாக வரும். 1961இல் அங்கே ஐவர் இறந்தனர். 2015 செப்டம்பரில் பூங்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள ‘கீஹோல்’ இடுக்கில் எழுவர் பலியாயினர்.

பூங்காவின் வடமேற்கில் உள்ள கோலப் பள்ளத்தாக்குகள் 1937இல் தனி நினைவிடமாக அறிவிக்கப்பட்டு 1956இல் ஸயானோடு சேர்க்கப்பட்டவை. 15ஆம் எண் மாநிலங்களிடை நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் எட்டு கிலோமீட்டர்ச் சாலை அங்கே கொண்டுசேர்க்கிறது. அதில் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சொந்தக் காரிலேயே கடைசி வரை போகலாம்.