திருமணியில் ஓர் எண்ணெய் ஊசி: டாப்சோன் உடலுக்குள் சென்ற வழிகள்

கூடுவாஞ்சேரியை அடுத்த பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் வட்டாரத்தில் இன்று மருந்தியல் மாணவர்கள், மருந்தை உடலுக்குள் மெல்ல மெல்ல விடுவிக்கும் நுட்பங்களைப் பாடமாகப் படிக்கிறார்கள். அங்கிருந்து தெற்கே, செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில், அந்த நுட்ப வரலாற்றின் முக்கியக் கட்டம் ஒன்று 1946 வாக்கில் நிகழ்ந்தது. தொழுநோய் மருத்துவ வரலாற்றை ‘எந்த மருந்து’ என்ற கேள்வியை வைத்தே எழுதிவருகிறோம். ‘எந்த வழியாக’ என்று கேட்டால்தான் திருமணியின் இடம் புலப்படும்.

டாப்சோன் உள்ளிட்ட சல்போன் மருந்துகளுக்கு முன்பு தொழுநோய்க்குக் கையில் இருந்தவை சால்மூக்ரா எண்ணெயும், சித்த மருத்துவர்கள் நன்கறிந்த நீரடிமுத்து எண்ணெயும்தான். குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் பிசுபிசுப்பான எண்ணெய் பரவாமல் தோலுக்கடியில் கட்டியாக நிற்கும். இந்தச் சிக்கலை ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் வேதியியலாளர் 1915 வாக்கில் அவிழ்த்தார். எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை எத்தில் எஸ்டர்களாக மாற்றி, ஊசிக்கு ஏற்றவையாக்கினார். 1916 டிசம்பர் 31 அன்று, 24 வயதில் அவர் இறந்துபோக, ஆர்தர் டீன் அந்தப் பணியை அவர் பெயர் சொல்லாமலே வெளியிட்டார். கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் இதே அமிலங்களைச் சோடியம் உப்புகளாக்கிப் பயன்படுத்தினார். வழி சீரானது, ஆனால் மருந்தின் பலன் கடைசிவரை ஐயத்துக்குரியதாகவே இருந்தது.

டாப்சோனின் கதை இதற்கு நேர்மாறு. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் ஃப்ரோமும் விட்மனும் 1908-இல் உருவாக்கிய இச்சேர்மத்துக்குக் கிருமிகளை அடக்கும் ஆற்றல் உண்டென்பது 1937-இல் தெரிந்தது. சல்பா மருந்துகளின் கணக்கில் கிராம் அளவில் கொடுத்துப் பார்த்ததால், நச்சு என்று ஒதுக்கிவிட்டார்கள். அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் கை ஃபேஜட் 1941-இல் கையாண்ட ப்ரோமின், உடலுக்குள் டாப்சோனாக மாறும் மருந்துதான். ஆனால் அதைச் சிரை வழியாகத் தொடர்ந்து ஏற்ற வேண்டும். கிராமத்து நோயாளிக்கு அது ஆகிற காரியமா?

திருமணியின் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில் இருந்த மருத்துவர் ராபர்ட் காக்ரேன், மாட்டின் மடிநோய்க்கு டாப்சோன் பயன்பட்டதை அறிந்து, அதையே மனிதருக்குக் கொடுக்கத் துணிந்தார். கடலை எண்ணெயில் 25 விழுக்காடு டாப்சோன் துகள்களைக் கலந்து தோலுக்கடியில் செலுத்தினார். இங்கே எண்ணெய் மருந்தல்ல, கிடங்கு. அதிலிருந்து துகள்கள் சிறிது சிறிதாகக் கரைந்து இரத்தத்தில் சேரும். தினமும் ஊசி வேண்டாம். இன்று ‘டெப்போ ஊசி’ என்று வழங்கும் முறையின் அடிப்படை இதுவே. ஆலிஸ் பாலின் வேதியியல் நுட்பத்தோடு ஒப்பிட்டால் இது எளிய கலவைதான். எளிமையைக் குறையாக எண்ண நான் தயாரில்லை.

ஆயினும் அந்த ஊசி நெடுநாள் நிலைக்கவில்லை. நைஜீரியாவின் உசுவாகோலியில் ஜான் லோ, சிறிய அளவு டாப்சோனை வாய்வழியே கொடுத்தாலே போதும் என்று காட்டினார். குடல் அதை நன்றாக உறிஞ்சுகிறது; உடலில் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள். மலிவான மாத்திரை வென்றது. 1955-இல் மத்திய அரசு திருமணி இல்லத்தை ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆய்வு நிறுவனமாக்கியது.

ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டிய மாத்திரையை எத்தனை பேர் விடாமல் விழுங்குவார்கள்? இந்தக் கவலை எண்ணெயை மீண்டும் அழைத்து வந்தது. அசிடாப்சோன் என்ற மாற்றுரு, ஆமணக்கெண்ணெயும் பென்சைல் பென்சோயேட்டும் சேர்ந்த கலவையில், 77 நாளுக்கு ஒருமுறை 225 மில்லிகிராம் ஊசியாகப் போடப்பட்டது. நோயாளிகளோடு வாழும் குழந்தைகளுக்கு நோய் தொற்றாமல் தடுக்க இம்மருந்து உதவுமா என்று செங்கல்பட்டிலும் ஆராய்ந்தார்கள். ஆனால் கிடங்கு ஊசிக்கு இரண்டு குறைகள். இரத்தத்தில் சேரும் மருந்து மிகச் சொற்பம். 1964-இலேயே டாப்சோனுக்கு அடங்காத கிருமிகள் மலேசியாவில் உறுதிப்பட்டிருந்த நிலையில் இது ஆபத்து. இன்னொன்று, ஒவ்வாமை கண்டால் மாத்திரையை நிறுத்திவிடலாம். உடலுக்குள் போன ஊசி மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 1982-இல் வெளியிட்ட கூட்டு மருந்துச் சிகிச்சையில் ஊசியே இல்லை. கிருமிகள் மிகுந்த வகை நோயுள்ள பெரியவர்களுக்குத் தினமும் 100 மில்லிகிராம் டாப்சோனும் 50 மில்லிகிராம் குளோஃபசிமினும் வீட்டில். மாதம் ஒருமுறை 600 மில்லிகிராம் ரிஃபாம்பிசினும் 300 மில்லிகிராம் குளோஃபசிமினும் சுகாதாரப் பணியாளரின் கண்முன். குளோஃபசிமின் உடல் கொழுப்பில் தங்கி வாரக்கணக்கில் நீடிக்கிறது; கிடங்கு வேலையை உடலே பார்த்துக்கொள்கிறது. மருந்து சேர்வதை நோயாளியின் நினைவாற்றலிடம் மட்டும் விடக் கூடாது என்ற காக்ரேன் ஊசியின் கொள்கை, ஊசி வழக்கொழிந்த பிறகும் அந்த மாதாந்தர வேளையில் நடைமுறையில் இருக்கிறது.