கிழிந்த சட்டையும் காணாத ஒட்டகமும்

துப்பறியும் கதை என்பது, நடந்து முடிந்த குற்றமொன்று விட்டுச்சென்ற தடயங்களைப் பற்றிக்கொண்டு குற்றவாளியைப் பின்னோக்கித் தேடிச் செல்லும் கதைவகையாகும். அதன் தொடக்கமாக எட்கர் அலன் போ 1841 இல் வெளியிட்ட சிறுகதையொன்றைக் காட்டுவது வழக்கம். எனினும் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் இலங்கையின் கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களின் வாசிப்பை அந்த ஆண்டிலிருந்து விளக்கப் புகுந்தால் பாதி விடயம் விடுபட்டுப்போகும்.

தடயத்திலிருந்து உண்மைக்குச் செல்லும் வழி, நாவல் கைக்கு வருமுன்பே குர்ஆன் மதரசாவில் ஓதிய பிள்ளைகளுக்கு அறிமுகமானது. குர்ஆனின் 12 ஆவது அத்தியாயம் கூறும் யூசுப் நபியின் வரலாற்றில், அவரது சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவர்மீது குற்றஞ்சாட்டிய பெண் சொல்வது மெய், பின்புறம் கிழிந்திருந்தால் யூசுப் நபி சொல்வது மெய் என அப்பெண்ணின் குடும்பத்தாருள் ஒருவரே அளவுகோல் வகுக்க, கிழிசல் பின்புறம் காணப்பட்டதும் வழக்குத் தீர்ந்துவிடுகிறது. கண்ட சாட்சி இல்லாத இடத்தில் துணியே சாட்சியாகிறது. துப்பறியும் கதையின் உயிர்நிலை இதுவன்றி வேறில்லை.

அராபியரும் பாரசீகரும் இலங்கைக்கு இட்ட பெயர் செரண்டிப். அத்தீவின் மூன்று இளவரசர்கள், தாம் காணாத ஒட்டகமொன்றின் குறைகளை வழியில் கண்ட அடையாளங்களைக் கொண்டே சொல்லிவிடும் கதை 1557 இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சேறியது. அதே ஒட்டகம், நொண்டியாகவும் ஒற்றைக்கண்ணாகவும், அளகேசன் கதை எனும் தமிழ்க் கதைத்தொகுதியிலும் நடக்கிறது. அத்தொகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த பண்டித நடேச சாஸ்திரியே 1894 இல் 'தானவன்' என்ற தொடக்ககாலத் தமிழ்த் துப்பறியும் நூலையும் எழுதினார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

இலங்கை முஸ்லிம்களின் புனைகதையும் மர்மத்துடனேயே பிறந்தது. கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1885 இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' துப்பறியும் நாவலன்று. ஆயினும் எகிப்திலிருந்து களவாடப்பட்டுப் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்ட உயர்குடிக் குழந்தையின் பிறப்பைப் பற்றிய வினாவே அதனை நகர்த்துகிறது.

பின்னர் ஆரணி குப்புசாமி முதலியாரின் தழுவல்களும், ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும், தமிழ்வாணனின் சங்கர்லாலும் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை வாசகரை வந்தடைந்தனர். 1970களின் முற்பகுதியில் ஐக்கிய முன்னணி அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, உள்ளூர் எழுத்துக்கு இடம் விரிந்து, வீரகேசரிப் பிரசுரங்கள் போன்ற மலிவுப் பதிப்புகள் பெருகின. கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான் போன்றோர் வளர்த்த முற்போக்கு விமர்சன மரபு வணிக எழுத்தை ஐயத்தோடு நோக்கியது. உரைநடையின் தரத்தை வைத்துப் பார்த்தால் அந்த ஐயத்தில் நியாயம் உண்டு. ஆனால் வாசகன் அங்கே தேடியது உரைநடையை அன்று.

அவன் தேடியது நொடி, அதாவது விடுகதை, அவிழும் கணத்தை என்றால், விடை தெரிந்த நூலை மறுபடி எடுப்பது ஏன் என்ற கேள்வி எழும். சங்கர்லால் வெல்வார் என்பது முதற் பக்கத்திலேயே தெரிந்ததுதான்; வாசகன் திரும்பிச் செல்வது, முதல்முறை கண்ணுக்கு முன்னே கிடந்தும் தான் தவறவிட்ட தடயம் எந்தப் பக்கத்தில் கிடந்தது என்று பார்ப்பதற்காக. யூசுப் நபியின் வரலாற்றைக் கேட்பவரும் சட்டை எப்புறம் கிழிந்தது என்பதை அறிந்தே கேட்கின்றனர்.