காலையில் ஆட்டோ கார் தயங்குவது ஏன்? எது இயல்பு, எது பழுது?

காலையில் காரை முடுக்கியதும் இன்ஜின் உறுமுகிறது. கியரை 'டி'க்கு மாற்றினால் லேசாக உதைக்கிறது. சாலையில் ஏறியதும் அடுத்த கியருக்கு மாறாமல் இழுக்கிறது. 'கியர்பாக்ஸ் போய்விட்டதோ' என்ற பயத்தில் பலர் பட்டறைக்கு ஓடுகிறார்கள். கியர்பாக்ஸைக் கழற்றினால் ஆயிரக்கணக்கில் ரிங்கிட் செலவாகும். அதற்கு முன், குளிர்ந்த காரின் இயல்பைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் நாட்டில் ஏது குளிர்?

கியர்பாக்ஸ் எண்ணெய் சுமார் 80 டிகிரி வெப்பத்தில்தான் சரியாக வேலை செய்யும். அதற்குக் கிள்ளானின் 25 டிகிரி காலையும் குளிர்தான். விடியற்காலையில் 15 டிகிரி அளவுக்கு இறங்கும் கேமரன் மலையில் எண்ணெய் இன்னும் கெட்டியாக இருக்கும்.

இயல்பானவை

* இன்ஜின் வேகம்: சூடான கார் நின்றிருக்கும்போது ஆர்.பி.எம். முள் பெரும்பாலும் 700 முதல் 800 வரை காட்டும். குளிர்ந்த காரில் அது 1,200, 1,500 வரை போகும். இன்ஜினையும், புகையைச் சுத்திகரிக்கும் கருவியையும் விரைவில் சூடாக்கவே கணினி இப்படிச் செய்கிறது.

* உதைப்பு: இந்த வேகத்தில் 'டி' அல்லது 'ஆர்' போட்டால் கார் வழக்கத்தைவிட வலுவாக இழுக்கும்.

* கியர் மாறத் தாமதம்: எண்ணெய் கெட்டியாக இருக்கும்வரை கணினி கீழ் கியரிலேயே காரை ஓடவிடும். டார்க் கன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் பூட்டு கிளட்ச்சும் சூடேறும்வரை பிடிக்காது. எனவே அதே வேகத்திலும் இன்ஜின் சற்று அதிகமாகச் சுழலும். சி.வி.டி. கார்களில் கியர் மாற்றம் தெரியாது. சத்தம் மட்டும் கூடுதலாகக் கேட்கும்.

இவை 10, 15 நிமிட ஓட்டத்தில் மறைந்துவிட்டால் கவலை வேண்டாம்.

பழுதின் அறிகுறிகள்

* கார் சூடான பிறகும் உதைப்பு தொடர்வது.
* 'டி' போட்டு 2, 3 விநாடிகள் கழித்தே கார் நகர்வது. அது நாளுக்கு நாள் கூடுவது.
* ஆர்.பி.எம். ஏறியும் கார் வேகமெடுக்காமல் வழுக்குவது.
* காரின் அடியில் எண்ணெய்க் கறை, கருகிய வாடை, அணையாத எச்சரிக்கை விளக்கு.

செய்ய வேண்டியவை

1. காரை முடுக்கி அரை நிமிடம் பொறுங்கள். முள் 1,000 அளவுக்கு இறங்கியதும் பிரேக்கை நன்றாக மிதித்தபடி கியரைப் போடுங்கள். வீட்டு வாசலில் பிள்ளைகள் நிற்கும் நேரம் அது. இன்ஜின் வேகம் கூடியிருக்கையில் பிரேக்கைத் தளர்த்தினால் கார் சட்டென்று பாயும்.

2. 10 நிமிடம் நிறுத்திவைத்துச் சூடேற்ற வேண்டியதில்லை. 'பி'யில் நிற்கும்போது கியர்பாக்ஸ் எண்ணெய் அதிகம் சூடாகாது. மெதுவாக ஓட்டினால்தான் சூடாகும். நீல நிற வெப்ப விளக்கு உள்ள கார்களில் அது அணையும்வரை வேகமாக மிதிக்காதீர்கள். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

3. மேட்டில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி முதலில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பிறகு 'பி' போடுங்கள். இல்லையென்றால் காரின் எடை முழுவதும் கியர்பாக்ஸில் உள்ள சிறு பூட்டின்மீது விழும். மறுநாள் காலை 'டக்' என்ற சத்தத்தோடு கியர் விடுபடுவது இதனால்தான்.

4. சி.வி.டி.க்கு அதற்குரிய எண்ணெயே வேண்டும். சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயை ஊற்றினால் பழுதாகும். கார் கையேட்டில் உள்ள வகையையே கேளுங்கள். பள்ளி, கடை என்று குறுகிய தூரமே ஓடும் கார்களில் எண்ணெய் முழுமையாகச் சூடாவதில்லை. அவற்றுக்கு எண்ணெயை முன்னதாகவே மாற்றுவது நல்லது.

பட்டறைக்குப் போகும்போது

குளிரில் மட்டும் வரும் கோளாறு, பட்டறையை அடைவதற்குள் மறைந்துவிடும். மெக்கானிக் ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஊகத்தில்தான் பழுது பார்ப்பார். ஆகவே முதல் நாள் மாலையே காரை விட்டுவிட்டு, காலையில் குளிர்ந்த நிலையில் அவரையே முடுக்கச் சொல்லுங்கள். கோளாறு எத்தனை நிமிடம் நீடிக்கிறது, எந்தக் கியரில் வருகிறது என்பதைக் குறித்துக் கொடுங்கள். கழற்றுவதற்கு முன் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.