ஏற்பும் எண்ணிக்கையும்: தேசியக் கணக்கு முறையில் இந்தியாவின் பாதை

ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறை 1953, 1968, 1993, 2008 என நான்கு பதிப்புகளைக் கண்டு, 2025 மார்ச்சில் ஐந்தாவதுக்கு வந்திருக்கிறது. ஒரு நாடு எந்தப் பதிப்பை எந்த ஆண்டில் ஏற்றது என்பது மட்டும் ஒப்பீட்டுக்குப் போதாது. அந்நாடு எதை நேரே எண்ணுகிறது, எதை மதிப்பீட்டால் நிரப்புகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காஞ்சிபுரத்தில் 1908இல் பிறந்த பொருளியலாளர் வி.கே.ஆர்.வி. ராவ், கேம்பிரிட்ஜ் ஆய்வில் பிரிட்டிஷ் இந்தியாவின் 1931-32ஆம் ஆண்டு தேசிய வருமானத்தை மதிப்பிட்டார். வேளாண்மைக்கு விளைச்சலின் மதிப்பைக் கணக்கிட்டார். கணக்கேடே இல்லாத வணிகத்திலும் சேவைகளிலும் உழைப்போர் எண்ணிக்கையைச் சராசரி வருமானத்தால் பெருக்கினார். 1949இல் புள்ளியியலாளர் மகலனோபிஸ் தலைமையில் அமைந்த தேசிய வருமானக் குழுவில் டி.ஆர். காட்கிலும் ராவும் உறுப்பினர்கள். சைமன் குஸ்நெட்ஸ், ரிச்சர்ட் ஸ்டோன், டெர்க்சன் ஆகியோர் ஆலோசகர்கள். 1953 முறையை உருவாக்கியதில் முதன்மையானவர் இதே ஸ்டோன். ஆகவே, வெளியில் தயாரான விதியை இந்தியா பிந்தி வாங்கிக்கொண்டது என்ற சித்திரம் தவறு; விதி உருவான காலத்திலேயே அதை வகுத்தவர்கள் இந்தியாவின் ஏழ்மையான தரவுகளோடு மல்லுக்கட்டினார்கள்.

பிற நாடுகளின் வழிகள் வேறு. சோவியத் முகாமும் சீனாவும் பெரும்பாலான சேவைகளை உற்பத்தியாகவே கருதாத மாற்று முறையை 1990களின் தொடக்கம்வரை வைத்திருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் தன் பதிப்பைச் சட்டமாக்கி உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தியது. அமெரிக்கா தன் சொந்தக் கணக்கு அமைப்பை விடாமல், ஆராய்ச்சிச் செலவை முதலீடாக்கும் 2008 விதியை 2013இல் சேர்த்துக்கொண்டது. ஆஸ்திரேலியா 2009இலேயே முந்திவிட்டது.

இந்தியா 2008 முறைக்கு மாறியது 2015 ஜனவரி 30 அன்று. காரணிச் செலவில் சொல்லிவந்த வளர்ச்சியைச் சந்தை விலையில் சொல்லத் தொடங்கியது; அடிப்படை ஆண்டு 2011-12 ஆனது. பழைய வரிசையில் 4.7 விழுக்காடாக இருந்த 2013-14 வளர்ச்சி, புதியதில் 6.9 ஆயிற்று. விவாதம் எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் விவாதம் பெரும்பாலும் கம்பெனிகளின் கணக்கைச் சுற்றியே நின்றது. எனக்குக் கவலை தருவது மறுபக்கம்: கணக்கேடு இல்லாத சிறுதொழில்கள்.

சென்னைப் புறநகரான பொத்தேரி அதைத் தெளிவாகக் காட்டும். ஜி.எஸ்.டி. சாலையோரப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிச் செலவு, புதிய விதிப்படி முதலீட்டில் சேரத்தக்கது. அதற்குத் தணிக்கை செய்த ஏடுகள் உண்டு. அதே மாணவர்களை நம்பி நடக்கும் மெஸ், ஜெராக்ஸ் கடை, வீட்டு மாடி விடுதி ஆகியவற்றுக்கு ஏடு அரிது. 2011-12 வரிசையில் இத்தகைய தொழில்களுக்கு 2010-11 மாதிரிக் கணக்கெடுப்பின் சராசரியே அடித்தளம். உழைப்போரை உரிமையாளர், கூலியாள், குடும்ப உதவியாளர் என எடையிட்டுப் பெருக்கினார்கள். ராவின் முறை செம்மையடைந்து தொடர்கிறது என்றே சொல்லலாம். பிந்தைய ஆண்டுகளுக்கோ, வரி வசூல், தொழில் உற்பத்திக் குறியீடு போன்ற வேறிடத்து எண்களின் வளர்ச்சி நீட்டிக்கப்பட்டது. 2016 நவம்பரின் பணமதிப்பிழப்பில் சிறுகடை நொடித்து, பெருநிறுவனம் தாங்கி நின்றிருந்தால், அந்த இடைவெளியை இம்முறை காட்டியிருக்க முடியாது.

முறைசாராத் தொழில்களுக்கான ஆண்டுக் கணக்கெடுப்பு 2021-22 முதல் நடக்கிறது. 1953இலிருந்து ஏற்புக்கும் எண்ணிக்கைக்கும் இடையே இருந்த பள்ளத்தை, எந்தப் பதிப்பு மாற்றத்தையும்விட இந்தக் கணக்கெடுப்பே அதிகம் தூர்க்கக்கூடியது என்பது என் மதிப்பீடு.